மலைக்கு வக்காலத்து

போன இதழில் ஒரு வாசகர், "கொடைக்கானலில் இருக்கிற சுற்றுச்சூழல் அமைப்புகள் உருப்படியாக எதையாவது செய்திருக்கின்றனவா, இல்லை போர்டு மட்டும்தானா?" என்று கேட்டிருந்தார். பழனி ஹில்ஸ் கன்சர்வேஷன் கவுன்சில் என்று ஒன்று இருக்கிறது, தமிழ்நாட்டையே உலுக்கிய இரண்டு விவகாரங்களில் அதன் பெயர் வரும் என்று மூன்று வரியில் பதில் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு திண்டுக்கல், தேனி பக்கமிருந்து வந்த கடிதங்கள் மட்டுமே ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. அதனால் இந்த இதழில் சினிமாவுக்கும் அரசியலுக்கும் விடுமுறை (அரசியல் எப்படியும் உள்ளே நுழைந்துவிடும், பாருங்கள்).

கேள்வி: இது கட்சிச் சார்புள்ள அமைப்பா, என்.ஜி.ஓ.வா, அல்லது வசதியானவர்கள் கூடிப் பேசும் கிளப்பா? எப்போது, எதற்காகத் தொடங்கினார்கள்?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

கட்சி கிடையாது. கொடைக்கானலில் வசித்தவர்கள் சிலர் 1985இல் சேர்ந்து தொடங்கிய தன்னார்வ அமைப்பு. கிளப்பா என்ற கேள்விக்குக் கொஞ்சம் தள்ளி வருகிறேன், இன்னொருவர் அதையே இன்னும் காரமாகக் கேட்டிருக்கிறார்.

அந்த வருடத்தை ஞாபகப்படுத்திப் பாருங்கள். போபாலில் விஷவாயு கசிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் என்று இன்று நாம் சொல்வது 1986இல்தான் வருகிறது. ஓடையில் சாக்கடை கலக்கிறது, சோலையில் கோடரி சத்தம் கேட்கிறது என்றால் எந்த அலுவலகத்தில் போய் எந்தச் சட்டத்தைச் சொல்லிக் கேட்பது என்று யாருக்கும் பிடிபடாத காலம். மலையிலோ லாட்ஜும் காட்டேஜும் ஒவ்வொன்றாக முளைக்கத் தொடங்கிவிட்டன. அந்த நேரத்தில் "மலையின் காட்டையும் தண்ணீரையும் காப்பது" என்பதை வேலையாக எடுத்துக்கொண்டவர்கள் இவர்கள். நாற்றங்கால் போட்டு நாட்டு மரக்கன்றுகள் வளர்த்தார்கள், பள்ளிப் பிள்ளைகளிடம் பேசினார்கள், மனு எழுதினார்கள். மனு எழுதுவதில்தான் அவர்கள் பெயர் வாங்கினார்கள் என்பது என் அபிப்பிராயம்.

தண்ணீர் என்றதும் ஒட்டன்சத்திரத்துக்காரரான உங்களுக்கு விளக்கவே வேண்டாம். உங்கள் பரப்பலாறு அணைக்கு வருவது எந்த மலைத் தண்ணீர்? பழனிப் பக்கம் போனால் குதிரையாறு, வரதமாநதி, பாலாறு-பொருந்தலாறு. இந்தப் பக்கம் இறங்கினால் அய்யம்பாளையத்துக்கு மருதாநதி, தேவதானப்பட்டிக்கு மஞ்சளாறு, பெரியகுளத்துக்கு மேலே சோத்துப்பாறை. இத்தனை அணைக்கும் தலைமாடு ஒரே மலைதான். கொடைக்கானல் என்றால் ஏரி, படகு, சாக்லேட் என்று நினைக்கிறவர்களுக்கு மத்தியில், அது சுற்றியுள்ள மூன்று பக்கத்து ஊர்களுக்கும் குடிநீர் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்ததே ஒரு வேலைதான்.

கேள்வி: நான் வருடாவருடம் குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறேன். எங்கு பார்த்தாலும் மரம், ஒரே பச்சை. இதில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று கூச்சல் போடுகிறார்கள்?
– வாசகர், சென்னை-78

நீங்கள் நின்று போட்டோ எடுத்த பைன் காடு இந்த ஊர்க் காடே இல்லை, சார். பைன், தைல மரம் என்கிற யூக்கலிப்டஸ், வாட்டில் என்கிற சீகை, மூன்றுமே வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. வாட்டில் மரப்பட்டையில் இருக்கும் டானின் தோல் பதனிடத் தேவைப்பட்டது, காகிதத்துக்கும் ரேயானுக்கும் மரக்கூழ் தேவைப்பட்டது, போதாக்குறைக்கு வெறும் புல்லாகக் கிடக்கும் மலை வீண் என்ற நினைப்பு அதிகாரிகளுக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருந்தது. அதனால் புல்வெளியில் மரம் நட்டார்கள்.

இந்த மலையின் உச்சிக்கு உரியது புல்லும் சோலையும். மடிப்புகளில், ஓடை இறங்கும் பள்ளங்களில் குட்டையான, பாசி படிந்த மரங்கள் அடர்ந்த சோலை. அதைச் சுற்றி மேடெல்லாம் புல். மழை பெய்தால் அந்தப் புல்வேரும் சோலையின் மக்கிய மண்ணும் ஈரத் துணி மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சொட்டச் சொட்ட விடும். ஏப்ரலில் ஓடையில் தண்ணீர் ஓடுவது இதனால்தான். வாட்டிலை அங்கே நட்டால் அது வேகமாக வளரும், வேகமாகக் குடிக்கும், அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து, தீ பட்டால் கொத்தாக முளைத்து வரும். நட்டவன் நிறுத்தினாலும் அது நிறுத்தாது.

செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று சொன்னது. போனதெல்லாம் பெரும்பாலும் மரத்தோட்டமாகவும் விவசாய நிலமாகவும் மாறியிருக்கிறது. அதாவது நீங்கள் பார்த்த பச்சையில் ஒரு பகுதி, இழப்பின் பச்சை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத பழனிச் சிரிப்பான் குருவி, வரையாடு, குறிஞ்சிப் புதர் எல்லாம் மிச்சமிருக்கும் புல்லையும் சோலையையும் நம்பித்தான் இருக்கின்றன.

சரி, வாட்டிலை எல்லாம் வெட்டிவிட்டால் ஆயிற்றா என்று அடுத்து கேட்பீர்கள். அங்கேதான் மலையின் மேல் அக்கறை உள்ளவர்களுக்குள்ளேயே சண்டை. பழைய தோட்டங்களின் நிழலில் சோலை மரங்களின் கன்றுகள் தாமாக முளைத்து வருவதைப் பார்த்தவர்கள், "மொத்தமாக வெட்டாதே, அது தாயாக இருந்து வளர்க்கிறது" என்கிறார்கள். வட்டக்கானல் பகுதியில் சோலை மீட்பு வேலை செய்தவர்கள் இதை அழுத்திச் சொன்னார்கள். புல்வெளிக்காரர்களோ "புல்லில் புகுந்ததை இன்றே பிடுங்கு" என்கிறார்கள். இரண்டுமே சரிதான், இடம் வேறு. சோலை இருந்த பள்ளத்தில் பொறுமை, புல் இருந்த மேட்டில் அவசரம்.

கேள்வி: பிளசண்ட் ஸ்டே ஓட்டல் வழக்கு என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது எரிந்த பஸ்தான். அந்த வழக்குக்கும் இந்த அமைப்புக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகி, தருமபுரி

நேரடிச் சம்பந்தம், அம்மா. வழக்கின் பெயரிலேயே இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தேடினால் ஒரு பக்கம் பிளசண்ட் ஸ்டே ஓட்டல், மறுபக்கம் பழனி ஹில்ஸ் கன்சர்வேஷன் கவுன்சில். வருடம் 1995.

கொடைக்கானலில் கட்டடம் கட்ட மலைப்பகுதிக்கென்று தனி விதிகள் உண்டு. மண் வழுக்கும், தண்ணீர் குறைவு, சாக்கடைக்குப் போக்கிடம் இல்லை என்பதால் உயரத்துக்கும் மாடிகளுக்கும் வரம்பு. இந்த விடுதிக்கு அனுமதி கிடைத்தது தரைத்தளத்துக்கும் அதற்கு மேல் ஒரு மாடிக்கும். எழும்பியது ஏழு தளம். ஊரில் எல்லோருக்கும் கண்ணில் படும் விஷயம்தான், மறைத்து வைக்க அது என்ன பீரோவா. ஆனால் கண்ணில் படுவதும் கோர்ட்டில் நிற்பதும் வேறு. யார் அனுமதி கொடுத்தது, எந்தத் தேதியில், எத்தனை தளத்துக்கு என்று காகிதத்தைத் திரட்டி உயர் நீதிமன்றத்துக்குப் போனது இந்த அமைப்பு. 1994 மே மாதம் அன்றைய அ.தி.மு.க. அரசு, விதிகளிலிருந்து அந்த விடுதிக்கு விலக்கு அளித்து அரசாணை போட்டது. 1995இல் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது, உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்து, கூடுதல் தளங்களை இடிக்க வேண்டும் என்றது.

அதோடு முடிந்திருந்தால் சட்டக் கல்லூரிப் பாடமாக மட்டும் இருந்திருக்கும். ஆட்சி மாறிய பிறகு அந்த விலக்கு ஆணை எப்படி வந்தது என்பதே குற்ற வழக்காகி, 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி சிறப்பு நீதிமன்றம் ஜெயலலிதாவுக்கு ஓராண்டு சிறைத் தண்டனை விதித்தது. அன்றைக்கே கட்சிக்காரர்கள் பஸ்களைக் கொளுத்தினார்கள். தருமபுரி பக்கத்து இலக்கியம்பட்டியில், சுற்றுலா வந்த கோவை வேளாண் பல்கலைக்கழகப் பிள்ளைகளின் பஸ்ஸுக்குத் தீ வைத்ததில் மூன்று மாணவிகள் கருகி இறந்தார்கள். அப்புறம் 2001 டிசம்பரில் ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவை உயர் நீதிமன்றம் விடுவித்தது. பஸ் எரிப்பு வழக்கில் மூன்று பேருக்கு 2007இல் தூக்கு, 2016இல் அது ஆயுளாகக் குறைப்பு, 2018இல் முன்கூட்டியே விடுதலை.

மலை உச்சியில் ஒரு கட்டடத்தின் மாடிகளை எண்ணியதில் தொடங்கிய விவகாரம் தருமபுரி வரை இப்படி இறங்கி வரும் என்று மனு போட்டவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். அதற்கு அவர்களைப் பொறுப்பாக்குவது அபத்தம். ஆனாலும் "சும்மா ஒரு பில்டிங் விஷயம்தானே" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று பெண் பிள்ளைகள் ஞாபகம் வருகிறார்கள்.

கேள்வி: ஏழு மாடி என்ன, எழுபது மாடி கட்டுகிறான் சிங்கப்பூரில். நாம் இரண்டு மாடிக்கு அழுகிறோமே?
– வாசகர், கரூர்

சிங்கப்பூரில் ஏழாயிரம் அடி உயரச் சரிவில் கட்டவில்லை. கட்டியிருந்தாலும் முதலில் கக்கூஸ் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டிருப்பார்கள்.

கேள்வி: எங்கள் மாமா தெர்மாமீட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். "நாங்கள் வேலை செய்தபோது ஒருத்தனும் வந்து கேட்கவில்லை, மூடும்போதுதான் வந்தார்கள்" என்று இன்றும் புலம்புவார். அது உண்மையா?
– வாசகர், வத்தலக்குண்டு

பாதி உண்மை என்று சொன்னால் உங்கள் மாமா கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த தெர்மாமீட்டர் ஆலையை மூடி, இயந்திரங்களைக் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தது பாண்ட்ஸ் நிறுவனம். காலம் எண்பதுகளின் முற்பாதி, இந்த அமைப்பு பிறந்த அதே சமயம். பிறகு பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கியதில் ஆலை இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. கண்ணாடியும் பாதரசமும் வெளிநாட்டிலிருந்து வரும், செய்த தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்கே போகும். நம்மிடம் தங்கியது சம்பளமும் கழிவும். "கண்ணாடி கம்பெனி" என்றுதான் பலர் நினைத்தார்கள், புகை இல்லை, நாற்றம் இல்லை, குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை. பாதரச ஆவிக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது என்பதுதான் அதன் கெட்ட குணம். ஊரில் இருந்துகொண்டே பதினைந்து வருடத்துக்கு மேல் யாருக்கும் உறைக்கவில்லை என்ற அளவில் உங்கள் மாமாவின் புலம்பல் நியாயம்.

2001இல் என்ன நடந்தது என்றால், மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில், குடியிருப்புகளுக்கும் பள்ளிக்கும் பக்கத்திலேயே, கிழிந்த சாக்குகளில் உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி குவிந்து கிடந்தது. சாக்கின் ஓட்டை வழியாகக் கண்ணாடித் தூள் மண்ணில் சிந்திக் கிடக்க, அதற்குள் பாதரசம். பழனி ஹில்ஸ் கவுன்சிலும் கிரீன்பீஸ் என்ற சர்வதேசச் சுற்றுச்சூழல் அமைப்பும் முன்னாள் தொழிலாளர்களும் ஊர் மக்களுமாக நானூறு பேருக்கு மேல் மார்ச் 7ஆம் தேதி ஊர்வலமாகப் போய் ஆலை வாசலில் நின்றார்கள். கடையில் கிடந்த கழிவு ஏழு டன்னுக்கு மேல் என்றார்கள் இவர்கள். 5.3 டன் என்றது நிறுவனம், அதுவும் தங்கள் நடைமுறையை மீறி விற்கப்பட்டுவிட்டது என்று ஒப்புக்கொண்டது. உற்பத்தி நின்றது, சில மாதத்தில் ஆலையை நிரந்தரமாக மூடுவதாக அறிவிப்பும் வந்தது.

இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி. இரும்புக் கடைச் சரக்கோடு விடாமல், ஆலைக்குள் இருக்கும் கழிவு எங்கிருந்து வந்ததோ அங்கேயே திரும்பிப் போகட்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடியில் கப்பலேறி அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் உள்ள மறுசுழற்சி ஆலைக்குப் போனது. பணக்கார நாட்டுக் குப்பை ஏழை நாட்டுக்கு வருவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். எதிர்த்திசையில் ஒரு கப்பல் போனது அபூர்வம்.

தொழிலாளர் விஷயம் இவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. சிறுநீரகக் கோளாறு, நடுக்கம், கருச்சிதைவு என்று அவர்கள் சொல்ல, எங்கள் ஆலையால் யாருக்கும் உடல் கெடவில்லை என்று நிறுவனம் மறுக்க, அரசு தரப்பு ஆய்வுகளே ஒன்றுக்கொன்று முரண்பட, உயர் நீதிமன்றத்தில் வழக்கு ஆண்டுக்கணக்கில் ஊர்ந்தது. 2015இல் ஒரு பாட்டு வீடியோ இணையத்தில் பரவி உலகமெல்லாம் கேள்வி கேட்ட பிறகு, 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள், குடும்பத்தாருடன் நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. தொகை எவ்வளவு என்று வெளியில் சொல்லவில்லை. ஊர்வலம் போன நாளிலிருந்து கணக்கிட்டால் 15 வருடம். அந்த 15 வருடமும் மதுரைக்கும் சென்னைக்கும் பஸ் ஏறியது உங்கள் மாமா மாதிரி ஆட்கள்தான், அதனால் அவர் புலம்பட்டும்.

கேள்வி: நான் நர்ஸ். வீட்டில் பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் இன்னும் வைத்திருக்கிறோம். உடைந்தால் என்ன செய்வது? அவ்வளவு ஆபத்தா?
– வாசகி, மதுரை

ஒரு தெர்மாமீட்டரில் இருப்பது ஒரு கிராமுக்குக் கீழே அல்லது அதையொட்டி. பதறத் தேவையில்லை, அலட்சியமும் வேண்டாம். பாதரசத்தைத் தெரியாமல் விழுங்கியதைவிட அதன் ஆவியைச் சுவாசிப்பதுதான் கெடுதல், நுரையீரல் அதில் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். உடைந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். துடைப்பத்தால் கூட்டாதீர்கள், வேக்குவம் கிளீனரும் கூடாது, உருண்டை உடைந்து இன்னும் பரவும். தடிமனான அட்டையால் உருண்டைகளை ஒன்றுசேர்த்து, மூடி உள்ள பாட்டிலில் விட்டு இறுக மூடுங்கள், பொடிப்பொடியாக இருப்பதை செலோடேப்பில் ஒட்டி எடுங்கள். சிங்க்கில் ஊற்ற வேண்டாம். ஊற்றினால் அது சாக்கடையில் போய் நுண்ணுயிர்கள் வழியாக மெத்தில் பாதரசம் என்கிற இன்னும் கொடிய வடிவமாக மாறி மீனுக்குள் ஏறும், மீன் உங்கள் குழம்புக்கே வரும். உங்கள் மருத்துவமனையில் கழிவு சேகரிப்பு இருக்குமே, அங்கே சேர்த்துவிடுங்கள். அப்புறம் டிஜிட்டல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அந்த ஆலை இடம் இப்போது சுத்தமாகிவிட்டதா? கும்பக்கரையில் குளிக்கலாமா?
– வாசகர், பெரியகுளம்

உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆலை இருந்த சரிவுக்குக் கீழே பாம்பாறு சோலை. பாம்பாறு இறங்கி வந்து விழுவதுதான் உங்கள் கும்பக்கரை அருவி.

ஆலை மூடிய பிறகு, மண்ணில் எவ்வளவு பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்ற சண்டையிலேயே 15 வருடத்துக்கு மேல் கரைந்தது. ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றுக்கொண்டது. அதற்குக் கீழே போக வேண்டும் என்றால் சரிவில் உள்ள மரத்தையெல்லாம் எடுத்து மண்ணைத் தோண்ட வேண்டும், அதனால் சோலைக்கே சேதம் என்பது நிறுவனத் தரப்பு வாதம். யூனிலீவரின் சொந்த ஊரான இங்கிலாந்தில் குடியிருப்பு மண்ணுக்கு 1 மில்லிகிராம் என்கிறார்கள், நமக்கு மட்டும் ஏன் இருபது என்று எதிர்த்தரப்பு கேட்டது. மரத்தைக் காட்டிப் பாதரசத்தை விட்டுவைக்கும் அந்த வாதத்தை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. ஆனால் செங்குத்துச் சரிவில் தோண்டினால் மண் எங்கே போகும் என்ற கேள்வியையும் தள்ளிவிட முடியாது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போயும் கடுமையான அளவு கிடைக்கவில்லை, 20 என்ற கணக்கிலேயே சுத்தம் செய்யும் வேலை நடந்தது.

குளிப்பதற்கு முன்னால் வனத்துறை போட்டிருக்கும் வெள்ள எச்சரிக்கையைப் பாருங்கள். பாதரசத்தைப் பொறுத்தவரை, மீனிலும் வண்டலிலும் தொடர்ந்து பரிசோதனை செய்து முடிவை ஊருக்குச் சொல்லுங்கள் என்று உங்கள் நகராட்சியில் கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: இவர்கள் எல்லாம் மலையில் பங்களா வைத்திருப்பவர்கள். தான் வீடு கட்டி முடித்ததும் "இனி யாரும் கட்டாதே" என்பதுதான் இவர்களுடைய சுற்றுச்சூழல். ஒப்புக்கொள்கிறீர்களா?
– வாசகர், பழனி

ஓரளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். மலை நகரங்களில் இத்தகைய அமைப்புகள் ஆங்கிலம் தெரிந்த, நேரம் உள்ள, வக்கீலைத் தெரிந்த ஆட்களால்தான் தொடங்கின. கொடைக்கானலும் விலக்கில்லை. தோட்டக் கூலியாள் அரசாணையைப் படித்துக்கொண்டிருக்க முடியாது, அவருக்கு அன்றைக்குக் கூலி போகும். ஆனால் நீங்கள் சொல்லும் பங்களாக்காரர்களில் பெரும்பாலோர் இந்த அமைப்பிலும் சேரவில்லை, எதையும் கேட்கவும் இல்லை, போர்வெல் போட்டுக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதிகாரத்தில் இருக்கும் அரசை எதிர்த்து ஓட்டல் வழக்கு போட்டதில் சொந்த லாபம் ஒன்றுமில்லை, தொந்தரவுதான் இருந்திருக்கும்.

என் கணக்கு இப்படி. ஓட்டல் வழக்கை நாலு பேர் நடத்திவிடலாம், காகிதம் போதும். பாதரச விவகாரத்தைத் தொழிலாளர்கள் வந்த பிறகுதான் நகர்த்த முடிந்தது. எந்த அறையில் ஆவி அதிகம், எந்தப் பக்கம் கழிவைக் கொட்டினார்கள், எந்தச் சாக்கு எந்தக் கடைக்குப் போனது என்பதெல்லாம் பங்களாவில் இருப்பவருக்குத் தெரியாது. இந்த இரண்டு கூட்டமும் சேர்ந்த இடத்தில்தான் காரியம் நடந்தது.

கேள்வி: சரணாலயம் என்று அறிவித்தால் மான் மாடு நன்றாக இருக்கும். மலையில் பூண்டும் உருளையும் போடும் எங்களைப் பற்றி யார் யோசித்தார்கள்?
– விவசாயி, மன்னவனூர்

பழனி மலையைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்க வேண்டும் என்பது இந்த அமைப்பும் இயற்கை ஆர்வலர்களும் நெடுநாளாகக் கேட்டு வந்தது. 2013 செப்டம்பரில் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் வந்தது, சுமார் 609 சதுர கிலோமீட்டர். அறிவிக்கப்பட்டது காப்புக்காடுகள்தான், பட்டா நிலம் இல்லை. ஆனால் காட்டெருமை பட்டா நிலம் பார்த்து நடப்பதில்லை என்பதும், இரவில் ஒரு கூட்டம் இறங்கினால் காலையில் பூண்டுப் பாத்தி இருக்காது என்பதும் உங்களுக்குத் தெரிந்த அளவு சென்னையில் கையெழுத்துப் போடுபவருக்குத் தெரியாது. பயிர் இழப்பீடு தாமதமாவதைப் பற்றி சுற்றுச்சூழல் அமைப்புகள் இன்னும் சத்தமாகப் பேசியிருக்க வேண்டும். அதைப் பேசாமல் விட்ட இடைவெளியில்தான் "இவர்கள் மிருகத்துக்கு ஆள், நமக்கு இல்லை" என்ற பேச்சு வளர்ந்தது.

உங்களுக்கும் முன்னால் அந்தக் காட்டில் இருந்தவர்கள் பளியர்களும் புலையர்களும். தேன், கடுக்காய், கிழங்கு என்று காட்டை நம்பி வாழ்ந்தவர்களுக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கொடுத்த உரிமை, சரணாலயத்துக்குள்ளும் செல்லும். அந்த வன உரிமைப் பட்டாக்கள் எல்லோருக்கும் போய்ச் சேரும்வரை காட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்று யாரும் மார்தட்டிக்கொள்ள முடியாது.

கேள்வி: ஈ-பாஸ் வைத்ததால் என்ன பயன்? கார்கள் வரத்தானே செய்கின்றன?
– டாக்ஸி ஓட்டுநர், வத்தலக்குண்டு

2024 மே 7 முதல் ஈ-பாஸ் கட்டாயம் என்றது உயர் நீதிமன்றம். முதல் வருடம் அது வெறும் எண்ணிக்கை எடுக்கும் வேலையாகத்தான் இருந்தது, கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது. 2025 கோடையில்தான் உச்சவரம்பு வந்தது: கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000. உள்ளூர் வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் தடையில்லை. உங்கள் பிழைப்பு பாதிக்கும் என்ற கவலை புரிகிறது. ஆனால் சொந்தக் கார் குறைந்து, வத்தலக்குண்டில் இறக்கி உங்கள் வண்டியில் ஏறி வரும் ஏற்பாடு வந்தால் உங்களுக்குத்தான் வேலை. உங்கள் சங்கம் இதைக் கேட்டு மனு கொடுத்தால் என்ன?

கேள்வி: எங்கள் ஊர்க் குன்றைக் குவாரிக்காரர்கள் கரைக்கிறார்கள். நாங்களும் ஓர் அமைப்பு தொடங்கலாம் என்று இருக்கிறோம். எங்கிருந்து ஆரம்பிப்பது? முதல் வேலையாக மரம் நடு விழா வைக்கலாமா?
– இளைஞர்கள் சிலர், திண்டுக்கல் மாவட்டம்

விழா வேண்டாம். மாலையும் மைக்கும் முடிந்ததும் ஆள் கலைந்துவிடும்.

சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் பதிவு செய்யலாம், ஆனால் அதற்கும் அவசரமில்லை. முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி குவாரி அனுமதியின் நகலை வாங்குங்கள்: எந்த சர்வே எண், எத்தனை ஹெக்டேர், எவ்வளவு ஆழம், எந்தத் தேதி வரை. அந்தக் காகிதத்தோடு குன்றுக்குப் போய் அளந்து பாருங்கள். கொடைக்கானல்காரர்கள் மாடிகளை எண்ணியது மாதிரிதான் இது. மீறல் இருந்தால் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து கனிமவளத் துறைக்கும் ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம் ஒன்று, இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக காலக்கெடு உண்டு. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் 30 நாள், தக்க காரணம் சொன்னால் இன்னும் 60 நாள். மற்ற புகார்களுக்குப் பொதுவாகப் பிரச்சினை எழுந்ததிலிருந்து ஆறு மாதம். அனுமதி வந்ததே ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது என்று நிற்காமல், மாதம் ஒருமுறை அனுமதிப் பட்டியலைப் பார்க்க உங்களில் ஒருவரை ஒதுக்குங்கள். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் இடமுண்டு.

குவாரியில் வேலை செய்கிறவர்களிடமும் பேசுங்கள். அவர்களை எதிரியாக்கிவிட்டுத் தொடங்கினால், உள்ளே நடப்பதை உங்களுக்குச் சொல்ல ஆள் இருக்காது.

கேள்வி: அடுத்த குறிஞ்சி எப்போது பூக்கும்?
– வாசகி, கோவை

2006, 2018 என்று பூத்தது, அடுத்தது 2030. இப்போதே ரூம் புக் செய்யக் கிளம்பிவிடாதீர்கள். வரும்போது பூவைப் பறித்துக் கட்டு கட்டி பஸ் ஸ்டாண்டில் விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள், அதில் விழ வேண்டிய விதைதான் 2042.